ஊதாத காய்

என் சித்தப்பா வரதராசாவை, 'தாம்' என்ற பலகை விளையாட்டில் வெல்லாதவர்கள் கொழும்பில் மிகக் குறைவு. கந்தோரில் அவரோடு வேலை செய்த கிளாக்கர்மார் வென்றார்கள். கொட்டாஞ்சேனையில் அவரோடு குடியிருந்தவர்கள் வென்றார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த அவர் மனைவி, என் சின்னம்மா, அவர் லீவில் போகும்போதெல்லாம் நிலத்தில் சோக்கட்டியால் கட்டம் கீறி, புளியங்கொட்டையைக் காயாக வைத்து வென்றாள். "உங்கட சித்தப்பா கணக்கிலை புலி, தாமிலை பூனை" என்று எனக்குச் சொல்லிச் சிரிப்பாள். அதனால்தானோ என்னவோ, எல்லோருக்கும் அவரோடு விளையாடப் பெரிய விருப்பம்.

சித்தப்பா ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். ஒருவருக்கும் எதிராக ஒரு சொல் சொல்லமாட்டார். ஆறிப்போன தேநீரைக் கொடுத்தால் "நல்லாயிருக்கு" என்று குடிப்பார். ஒருமுறை தையற்காரர் அவருடைய கோட்டின் இடது கையைக் கட்டையாகத் தைத்துவிட்டார். சித்தப்பா அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் கோட்டைப் போடும் நாட்களில் இடது கையைச் சற்று மடித்து வைத்துக்கொண்டு நடந்தார். கையில் ஏதோ நோவு என்று நினைத்து, கந்தோரில் ஒருவர் அவருக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தார். அதையும் வாங்கிப் பூசினார்.

அவருடைய கந்தோரில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் துரைக்குத் தாம் விளையாட வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பலகை, ஆளுக்குப் பன்னிரண்டு காய். காய் மூலைவாட்டில் நகரும். எதிரியின் காயைத் தாண்டிக் குதித்தால் அது வெட்டுப்படும். விளையாட்டு இவ்வளவுதான். ஆனால் துரையோடு விளையாடும்போது எழுதாத சட்டம் இன்னொன்றும் இருந்தது: துரை தோற்கக் கூடாது. மற்றக் கிளாக்கர்மார் அவசர அவசரமாகத் தோற்றார்கள். துரைக்கு அலுத்துப்போயிற்று. சித்தப்பா மட்டுமே அழகாகத் தோற்றார். ஆட்டம் முடியும்வரை துரையின் நெற்றியில் வியர்வை நிற்கும். முடிந்ததும் துரை சித்தப்பாவின் தோளில் தட்டுவார். சித்தப்பாவின் சாப்பாட்டுப் பொதி மேசையில் குளிர்ந்துபோயிருக்கும்.

இப்படிப் பல வருடம் போனதில், அவருடைய கைக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. துரையிடம் தொடங்கியது கந்தோர் முழுவதும் பரவி, பிறகு வீட்டுக்கும் வந்துவிட்டது.

நாற்பத்திரண்டில், உலக யுத்தத்தின் நடுவில், கொழும்பில் குண்டு விழுந்தபோது, வெள்ளவத்தையில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, சின்னம்மா அருந்ததியையும் கைக்குழந்தை கனகேஸ்வரியையும் சித்தப்பா யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏற்றிவிட்டார். தான் கொட்டாஞ்சேனையில் ஒரு சமறிக்குப் போனார். குடும்பத்தை ஊரில் விட்ட கிளாக்கர்மார் நாலைந்து பேர் கூடிக் குடியிருந்து, ஒரு சமையல்காரரை வைத்துச் சாப்பிடும் வீட்டுக்குச் சமறி என்று பெயர். யுத்தம் முடிந்தது. ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தார்கள். கொழும்பில் வாடகைக்கு ஒரு மாட்டுக்கொட்டில்கூட இல்லை என்ற நிலை. சித்தப்பா வீடு தேடித் தேடிக் குடையின் நுனி தேய்ந்தது.

இதற்கிடையில் கனகேஸ்வரி வளர்ந்து கதைக்கத் தொடங்கியிருந்தாள். வருடத்தில் இரண்டு தடவை மட்டும் ரயிலில் வந்து, மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகிற மனிதரை அவள் "ரயில் மாமா" என்று கூப்பிட்டாள். சின்னம்மா எவ்வளவு திருத்தியும் கேட்கவில்லை. சித்தப்பா எனக்கு இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு, மழை இல்லாத நேரத்தில் குடையை விரித்துப் பார்த்து மடக்கினார்.

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு கொன்வென்ற் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பின்னேரங்களில் சித்தப்பா வந்து பார்ப்பார். ஒரு ஞாயிறு அவரோடு கந்தோர்த் தலைமைக் கிளாக்கர் நமசிவாயத்தாரும் வந்தார். விடுதி வாசலிலேயே அவர் தொடங்கிவிட்டார்.

"ஐசே வரதராசா, வெள்ளவத்தையிலை ஷரீப் நானாவின்ரை வீட்டிலை ஒரு பக்கம் வெறுமையாக் கிடக்கு. கேள்விப்பட்டனீரோ?"

"எந்த ஷரீப் நானா?"

"கொட்டாஞ்சேனையிலை கப்பல் கயிறு, தார் விக்கிறவர். அவர் ஆக்களைச் சும்மா எடுக்கமாட்டாராம். வாடகைக்குக் கேட்டு வாறவரோடை ஒரு ஆட்டம் தாம் விளையாடிப் பாத்துத்தான் சொல்லுவாராம்."

"தாமோ?" சித்தப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஓம் காணும், தாம். ஆனால் அதிலைதான் கரைச்சல். புதுக்கடையிலை இருந்து ஹியூபேட் எண்டு ஒருத்தர் போய் வெண்டவர். அவருக்கு வீடு இல்லை எண்டு நானா சொல்லிப்போட்டார். வேறை இரண்டு பேர் போய்த் தோத்தவை. அவைக்கும் இல்லை. வெண்டாலும் இல்லை, தோத்தாலும் இல்லை எண்டால் மனிசன் என்ன செய்யிறது?"

"தோத்தவை எப்பிடித் தோத்தவை எண்டு தெரியுமோ?" என்று மட்டும் சித்தப்பா கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வீட்டுக்காரரின் மனைவியோடு கதைக்கவும் குசினியைப் பார்க்கவும் பெண்பிள்ளை ஒருத்தி கூட வரவேண்டும் என்பது அவருடைய எண்ணம். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கடற்கரையோரமாகப் போகும் ரயிலில் ஏறினோம். அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

"பிள்ளை, நான் யோசிச்சுப் பாத்தனான். அந்த நானா தோக்க விருப்பமில்லாத ஆள். அதுதான் வெண்டவருக்கு இல்லை எண்டவர். தோத்தவைக்கு ஏன் இல்லை எண்டவர்? அவை மொக்குத்தனமாத் தோத்திருப்பினம். தோக்கிறது எண்டால் சும்மாவே? எதிராளிக்கு வேர்க்க வேணும். கடைசி மூண்டு காய் வரைக்கும், தான் தோக்கப்போறன் எண்டு அவர் பயப்பிட வேணும். அதுக்குப் பிறகு வெண்டால்தான் அவருக்குச் சந்தோசம்."

"நீங்கள் வெண்டால் என்ன, சித்தப்பா?"

"ஆர், நானோ?" நான் பகிடி விட்டதுபோல் சிரித்தார். "வீடு எங்கட எண்டு வைச்சுக்கொள். வாற மாதம் சின்னம்மா வந்திடுவா."

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் அடியில் அந்த வீடு இருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பக்கம். ஒன்றில் ஷரீப் நானா குடும்பம், மற்றது வெறுமை. பின்பக்கம் இரண்டு குசினிகளுக்கும் நடுவில் சிறு முற்றம். அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ஷரீப் நானா தடித்த, பலத்துச் சிரிக்கிற மனிதர். அவர் வரமுன்பே தார் மணம் வந்தது.

"வாங்க, வாங்க கிளாக்கர் ஐயா! புள்ள உள்ளுக்குப் போகட்டும். எங்கட ஊட்டுக்காரி உள்ளுக்குத்தான் ஈக்கிறா."

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. அதற்குப் பின்னால் ஷரீப் நானாவின் மனைவி லுத்பியா மாமி சுளகில் கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிற ஆண்களுக்கு முன்னால் அவர் வருவதில்லை. ஆனால் திரையில் ஒரு கிழிசல் இருந்தது. அவருடைய பாய் அந்தக் கிழிசலுக்கு நேரே போடப்பட்டிருந்தது. அது தற்செயல் அல்ல என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"இரிங்க மகள். மத்தப் பக்கத்துக் குசினியப் பாத்தீங்களா?"

"ஓம் மாமி. நல்ல கூரை, புதுசு மாதிரி இருக்கு."

"புதுசுதான். பழசு உழுந்திட்டே."

எப்படி என்று கேட்டேன்.

"முந்தி அந்தப் பக்கத்தில குடி ஈந்தவர் தங்கமான மனிசன், மகள். ஒரு சத்தமில்ல, ஒரு கரச்சலில்ல. எங்கட இவர் மாசா மாசம் கேக்குற, 'ஊடு எப்பிடி?' எண்டு. 'மிச்சம் நல்லம் நானா' எண்டு சொல்ற. ஒரு நாள் குசினிக் கூரை அப்பிடியே சட்டிபானைக்கு மேல. மரம் முழுக்கக் கறையான்! அவர் ஒரு வருசமாக் கண்டுகொண்டுதான் ஈந்தாராம். சொன்னா எங்கட மனசு நோகும் எண்டு சொல்லல்லயாம்!" மாமி ஒரு கல்லை எடுத்துத் தூர எறிந்தார். "அந்த மாதிரித் தங்கம் எங்களுக்கு இனித் தேவல்ல."

சித்தப்பாவின் கோட்டுக் கை நினைவுக்கு வந்தது.

"அதுக்குப் பொறகுதான் இந்தத் தாம்" என்று மாமி தொடர்ந்தார். "எங்கட இவருக்கு வெளாட்டுப் பைத்தியம், அவர் வெளாடுவார். ஆளப் பாக்குற நான். அந்த ஹியூபேட் வந்த. புறொக்டர்ட கிளாக்கராம். ஒவ்வொரு காய்க்கும் வழக்குப் பேசின. தெனமும் வழக்குப் பேச எங்களுக்கு ஏலா. பொறகு ரெண்டு பேர் வந்த. ஒருத்தர் ரயில் போய்ப் பலக ஆடினதால தோத்ததாம். மத்தவர் கண்ணாடி கொண்டுவரல்லயாம். ஒங்கட சித்தப்பா எப்பிடி?"

"சித்தப்பா நல்லவர்" என்றேன். பிறகு, கேட்காமலே, கனகேஸ்வரியின் ரயில் மாமாக் கதையைச் சொன்னேன். மாமியின் விரல்கள் அரிசியில் நின்றன.

திரைக்கு அப்பால் காய்கள் அடுக்கும் சத்தம் கேட்டது. நான் கிழிசலால் பார்த்தேன். காய்கள் வட்டமாக வெட்டிய தக்கைகள், கடையிலிருந்து வந்தவை. பன்னிரண்டை அப்படியே விட்டு, மற்றப் பன்னிரண்டுக்கும் தார் பூசியிருந்தார் ஷரீப் நானா.

"எங்கட ஊட்டுச் சட்டம் ஒண்டு ஈக்கு, ஐயா" என்றார் அவர். "வெட்டக் காய் ஈந்தும் வெட்டாம உட்டா, மத்தவர் அந்தக் காயத் தூக்கி ஊதணும். ஊதின காய் செத்த."

"ஓம் ஓம், ஊதுறது. சின்ன வயதிலை ஊதியிருக்கிறன்."

அது உண்மை. ஆனால் கந்தோரில் துரையின் காயை எவரும் ஊதியதில்லை. துரை வெட்ட மறந்தால் கிளாக்கர்மார் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

ஆட்டம் தொடங்கியது. எனக்கு விளையாட்டு ஓரளவு தெரியும். சித்தப்பாவின் கை போன போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால், கோலம் போடுவதைப் பார்ப்பதுபோல இருந்தது. ஒரு காயைக் கொடுத்து இரண்டை வெட்டினார். ஷரீப் நானா துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். பாதி ஆட்டத்தில் நானா ஒரு வெட்டைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டார். சித்தப்பாவின் கண் அந்த வெட்டுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பியது.

"கண்டும் ஊதல்ல" என்றார் மாமி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் சுளகைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் நானா மறுபடியும் ஒரு வெட்டை விட்டார். சித்தப்பா இம்முறை குடையைப் பார்த்தார்.

"ரெண்டு தரம்" என்றார் மாமி.

அதன் பிறகு சித்தப்பா தோற்கத் தொடங்கினார். அதைத் தோல்வி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு காயும் போராடிப் போராடிச் செத்தது. கடைசி மூன்று காய் வந்தபோது ஷரீப் நானா மூச்சு விடவில்லை. கடைசிக் காய் போனதும் மேசையில் ஓங்கி அடித்தார்.

"என்ன ஆட்டம்! என்ன ஆட்டம், ஐயா! உசிரு போய் வந்த!"

"உங்கட விளையாட்டுக்கு முன்னாலை நான் எம்மாத்திரம், நானா?" என்றார் சித்தப்பா.

நானா சட்டைப் பையிலிருந்து வீட்டுத் திறப்புச் சாவியை எடுத்தார்.

"இஞ்ச பாருங்க" என்று திரைக்குள்ளிருந்து மாமியின் குரல் எழுந்தது. "அந்தத் தொறப்பக் கொஞ்சம் வைங்க. அவர்ட்ட ஒண்டு கேளுங்க. நீங்க வெட்ட மறந்த காய அவர் ஏன் ஊதல்ல?"

நானா திகைத்தார். "நான் மறந்தயா?"

"ரெண்டு தரம்."

சித்தப்பா திரையைப் பார்த்து, உடனே தலையைக் குனிந்தார். "நான்... காணேல்லை" என்றார்.

"காணல்லயாம்! அந்தக் காயயே பாத்துக்கொண்டு ஈந்த மனிசன்! கூரையில கறையான் வந்தாலும் இப்பிடித்தான் காணமாட்டார்."

நானா திறப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். சித்தப்பா எழுந்து குடையை எடுத்தார். "பரவாயில்லை நானா. தேத்தண்ணி நல்லாயிருந்தது" என்றார். தேத்தண்ணி இன்னும் வரவே இல்லை.

"போகச் சொல்லாதீங்க" என்றார் மாமி. பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "புள்ள வாப்பாவ 'ரயில் மாமா' எண்டு கூப்புடுதாம். அதுக்காக இன்னொரு ஆட்டம். ஆனா மெய்யா வெளாடச் சொல்லுங்க. பொய்க்கு வெளாடினா எனக்குத் தெரியும்."

சித்தப்பா நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு குடையை மூலையில் சாய்த்துவிட்டு, கோட்டைக் கழற்றிக் கதிரையின் மேல் போட்டார். அவருடைய இடது கையை நேராக நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இரண்டாவது ஆட்டம் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்குச் சரியான காய் தெரிந்தது. கை மற்றக் காய்க்குப் போனது. பாதி வழியில் பிடித்து நிறுத்தி, திரும்பக் கொண்டுவந்தார். முதல் ஆட்டத்தில் ஒரு துளி வியர்க்காத மனிதருக்கு இப்போது காதோரத்தால் வழிந்தது. ரயில் ஒன்று கடலோரமாகப் போனது. பலகையில் தக்கைகள் நடுங்கின. இருவரும் இரண்டு கையாலும் காய்களைப் பொத்திக்கொண்டார்கள். ரயில் போன பிறகு, அந்தக் குழப்பத்தில் ஷரீப் நானா தன் கறுப்புக் காய் ஒன்றுக்கு இருந்த வெட்டை விட்டுவிட்டு வேறொன்றை நகர்த்தினார்.

மாமி அரிசியை விட்டுவிட்டுக் கிழிசலோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். எனக்கு இடமில்லை. திரையின் ஓரத்தால் பார்த்தேன்.

சித்தப்பாவின் கண் ஜன்னலுக்குப் போனது. அங்கிருந்து குடைக்குப் போனது. குடையிலிருந்து பலகைக்குத் திரும்பி வந்தது. ஒருமுறை செருமினார்.

"நானா... குறை நினையாதேங்கோ."

காயைத் தூக்கினார். நெஞ்சு நிறைய மூச்சு எடுத்தார். பல வருடமாகக் கந்தோரில் ஊதாமல் விட்டதையெல்லாம் சேர்த்து ஊதினார் போலிருக்கிறது. தக்கை அவருடைய விரலை விட்டுப் பறந்து, நிலத்தில் விழுந்து, உருண்டு, திரைக்குக் கீழால் வந்து மாமியின் சுளகில் முட்டி நின்றது.

மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஷரீப் நானா வெளிப்படையாகவே சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. "இப்ப என்ரை முறை" என்றார்.

அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. அதன் பிறகு அவருடைய கை தடுமாறவில்லை. நானாவின் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தன. மாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் பெருமூச்சு விட்டார். பிறகு தொடையில் தட்டினார். கடைசியில் பொறுக்கமுடியாமல், "அதில்ல! அதில்ல! வலப் பக்கத்தால போங்க! மூலைக் காய உட்டுட்டு!" என்று சத்தம் போட்டார்.

நானா வலப் பக்கத்தால் போனார். சித்தப்பாவின் மூன்று காய்கள் ஒரே வெட்டில் போய்விட்டன. ஆட்டம் முடிந்தது. சித்தப்பா தோற்றார்.

"இது என்ன நியாயம்?" சித்தப்பா எழுந்தே விட்டார். "உள்ளுக்கை இருந்து சொல்லிக் குடுக்கிறது எந்த ஊர்ச் சட்டம்? இது கள்ள ஆட்டம்! வெண்ட ஆட்டத்தைப் பறிச்சுப்போட்டியள்!"

சித்தப்பா தான் சொன்னதைத் தானே கேட்டார். முகம் வெளுத்தது. ஆனால் தொடங்கிவிட்டதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை போலும்.

"அதோடை நானா, அந்தப் பக்கத்துக் குசினிக் கதவு பூட்டுப்படாது. வரேக்கையே பாத்தனான். கீல் கழண்டிருக்கு."

திரைக்குள்ளிருந்து மாமி சொன்னார்: "தொறப்பக் குடுங்க. கீலையும் பூட்டிக் குடுங்க."

ஷரீப் நானா திறப்பை நீட்டினார். "கள்ள ஆட்டம்தான் ஐயா" என்றார் சிரிப்போடு. "எங்கட ஊட்டுல அதுவும் சட்டம். எனக்கும் தெனமும் அப்பிடித்தான் நடக்குது, அவ என்னோட வெளாடக்குள்ள."

திரும்பி வரும்போது சித்தப்பா ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். திறப்பைக் கையிலேயே வைத்திருந்தார். "வலப்பக்கத்தாலை வராட்டில் நான் வெண்டிருப்பன்" என்று மருதானை தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். கோட்டையில் இறங்க வேண்டும் என்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டிருந்தோம்.

அதன் பிறகு கந்தோரில் நடந்ததை நமசிவாயத்தார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். துரை ஒரு வெட்டை விட்டாராம். கிளாக்கர்மார் வழக்கப்படி ஜன்னலைப் பார்த்தார்களாம். சித்தப்பா காயைத் தூக்கி ஊதினாராம், இம்முறை அளவாக. துரை நெடுநேரம் பலகையைப் பார்த்துவிட்டு, சரிதான் என்று இங்கிலீசில் சொன்னாராம். அடுத்த நாள் சித்தப்பாவைக் கூப்பிடவில்லை. நமசிவாயத்தாரைக் கூப்பிட்டார்.

"உம்மாலை என்ரை சோறு குளிருது காணும்" என்று நமசிவாயத்தார் குறைப்பட்டார். அதன் பிறகு சித்தப்பா சோற்றைச் சூடாகச் சாப்பிட்டார். கோட்டையும் தையற்காரரிடம் கொண்டுபோய்க் கையை நீட்டித் தைப்பித்தார். தையற்காரர், அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கோபித்தாராம்.

சின்னம்மாவும் கனகேஸ்வரியும் பிற்காலத்து யாழ்தேவி ரயில் போல ஒரு வேகத்தில் வந்து சேர்ந்தார்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் இரவு மெயில் வழியில் நின்று நின்று, விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. சின்னம்மா வந்த கையோடு குசினிக் கதவைப் பூட்டிப் பார்த்தாள். அடுத்த சில நாட்களில் மாமியும் அவளும் இரண்டு குசினி வாசல்களிலும் இருந்துகொண்டு எல்லாக் கதையும் கதைத்து முடித்துவிட்டார்கள். தாம் கதையும் அதில் வந்தது.

நான் அங்கே போன ஒரு ஞாயிறு, சின்னம்மா சித்தப்பாவைப் பின்முற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கிறன். யாழ்ப்பாணத்திலை இவ்வளவு காலமும் என்னட்டைத் தோத்தது மெய்க்கோ, பொய்க்கோ?"

சித்தப்பா குடையைத் தேடினார். குடை உள்ளே இருந்தது.

"சரி, இருங்கோ" என்றாள் சின்னம்மா. "இப்ப விளையாடுங்கோ. மெய்யா."

ஷரீப் நானாவின் பலகையை ஒரு முக்காலியில் வைத்தார்கள். மாமி தன் குசினியின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு அதற்குப் பின்னால் நின்றார். வெட்டுப்பட்ட தக்கைகளைச் சேர்க்கும் வேலையைக் கனகேஸ்வரி எடுத்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் தார் மணம். ஆனால் அவளுக்குப் பிடித்தது வெட்டு அல்ல, ஊதுவதுதான். அதற்காகவே அவள் பலகையை விட்டு அசையாமல் இருந்தாள். சின்னம்மா யோசித்து யோசித்து விளையாடினாள். நடுவில், அவசரத்தில், ஒரு வெட்டை விட்டுவிட்டாள்.

சித்தப்பா அதைக் கண்டார். எல்லோரும் கண்டோம். அவருடைய கண் மெல்ல ரயில் பாதைப் பக்கம் திரும்பியது. பழக்கம் லேசில் போவதில்லை. கதவுக்குப் பின்னால் மாமி செருமினார்.

"அப்பா, ஊதுங்கோ!" என்றாள் கனகேஸ்வரி. "அப்பா, கெதியா ஊதுங்கோ!"

சித்தப்பா அவளைப் பார்த்தார். சின்னம்மாவும் பார்த்தாள். பிறகு அவர் காயைத் தூக்கி, அவளுடைய முகத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊதினார்கள்.

"என்ரை காயையோ ஊதினியள்?" என்றாள் சின்னம்மா. கோபம் வந்த மனுஷி தலையைக் குனிந்துகொண்டு விளையாடத் தொடங்கினாள். அவளுக்குக் கோபம் வந்தால் நன்றாக விளையாடுவாள் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. சித்தப்பா வியர்த்தார். கையைப் பிசைந்தார். கடைசியில் தோற்றார்.

சின்னம்மா நிமிர்ந்தாள். "பொய்க்குத்தானே தோத்தனீங்கள்?"

"இல்லையப்பா! மெய்யாத்தான் தோத்தனான்!"

"ஆர் நம்பிறது?"

"மெய்தான் மகள்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நான் கடசி வரைக்கும் பாத்த. மனிசன் ஏலுமான மட்டும் வெளாடின."

சின்னம்மாவின் முகம் மலர்ந்தது. சித்தப்பாவின் முகம் மலரவில்லை. அவர் மகளின் மடியிலிருந்த தக்கைகளை அள்ளி, ஒவ்வொன்றாகத் திரும்பவும் பலகையில் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

"இன்னொருக்கா" என்றார்.